தண்ணீர் நின்ற பதுங்குகுழி

தம்பி,

வருகிற திங்கட்கிழமை காலை நீ ஜெர்மன் ராணுவ முகாமுக்குப் போகிறாய். அதற்கு முன் உனக்குச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. வாயால் சொல்ல இரண்டு தரம் முயன்றேன். முதல் தரம் நீ தொலைபேசியில் இருந்தாய். இரண்டாம் தரம் நீ சும்மாதான் இருந்தாய், எனக்குத்தான் பேச்சு எழும்பவில்லை. "சொல்ல ஏலாட்டி எழுதுங்கோ. அவனுக்கு வாசிக்கத் தெரியும்தானே," என்று அம்மா சொன்னார். பத்து வருடம் சனிக்கிழமைகளில் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது இதற்கு உதவட்டும். விளங்காத இடத்தை அம்மாவிடம் கேள். இதில் இருக்கிற எல்லாம் இப்போது அவருக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் சாப்பிடும்போது, கட்டாய சேவையின் ஒன்பது மாதத்தோடு நிற்கப்போவதில்லை, நான்கு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கப்போகிறேன் என்று நீ சொன்னாய். ராணுவத்துக்குப் பதிலாக முதியோர் இல்லத்திலோ ஆஸ்பத்திரியிலோ சேவை செய்தாலும் சட்டப்படி போதும்தானே என்று கேட்டேன். "எல்லாரும் அதைத்தான் செய்யினம். இது என்ரை நாடு அப்பா. வெளிநாட்டுக்கு அனுப்பினாலும் போவன்," என்றாய். நான் ஏதோ முணுமுணுத்தேன். நீ முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாய். "உங்கட நாட்டிலை சண்டை நடக்கேக்கை நீங்கள் ஒண்டும் செய்யாமல் ஓடி வந்தனீங்கள். இதைப்பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டாய். நான் எழுந்து கோப்பையைக் கழுவிவைத்துவிட்டு வெளியே போனேன். பஸ் தரிப்பிடத்தில் இருந்தேன். இரண்டு பஸ்கள் வந்து போயின. நீ சொன்னதில் பாதி உண்மை. நான் ஓடித்தான் வந்தேன். ஆனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நீ நினைத்தது பிழை. அப்படி நினைக்க வைத்தவன் நான்.

என் இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. நீ சின்னவனாக இருந்தபோது அதைத் தொட்டுப் பார்த்து எப்படி என்று கேட்டாய். பேக்கரியில் மா மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி விழுந்தது என்றேன். நீ அதைப் பள்ளிக்கூடத்தில் கட்டுரையாகக்கூட எழுதினாய். அப்படி ஒரு வண்டி விழவே இல்லை. அந்த விரல்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு பதுங்குகுழியில் தண்ணீருக்குள் நின்று அழுகிப்போயின. அப்போது எனக்கு இருபத்தொரு வயது.

தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் ஏதாவது ஓர் இயக்கத்துக்குப் போய்விட்டார்கள். நானும் போனேன். பெரிய கொள்கை விளக்கம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை. போகாமல் வீட்டில் இருப்பது வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். கடற்கரையோரமாக இருந்த இலங்கை ராணுவ முகாமைச் சுற்றி இயக்கப் பொடியள் காவல் இருந்தார்கள். ஆமி வெளியே வராமல் பார்ப்பதுதான் வேலை. என்னையும் மன்னாரில் இருந்து வந்த அருள் என்ற ஒருவனையும் ஒரே குழியில் விட்டார்கள். அவன் என்னைவிட ஒரு வயது இளையவன், மீன்பிடிக் குடும்பம். அதிகம் பேசமாட்டான், பேசினால் சிரிக்கவைப்பான். இரண்டாம் நாளே நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

குழி நெஞ்சளவு ஆழம். மேலே பனங்குற்றிகளை அடுக்கி, அதன்மேல் மண்மூட்டை போட்டிருந்தது. முன்பக்கம் ஒரு சாண் இடைவெளி, அதனூடாகத்தான் முகாமின் மதிலைப் பார்க்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒருதரம் ஆட்கள் மாறுவது வழக்கம். நாங்கள் போன மறுநாள் மாரி தொடங்கியது. அது கடலோர நிலம், மேலிருந்து மழை பெய்தால் கீழிருந்தும் தண்ணீர் ஊறும். நான்காம் நாள் முழங்கால்வரை தண்ணீர். பின்னால் இருந்த ஒழுங்கைகள் வெள்ளத்தில் மூடிப்போயின, ஷெல்லும் விழுந்துகொண்டிருந்தது. எங்களை மாற்ற யாரும் வரவில்லை.

போர் என்றால் சுடுவது என்று நீ நினைத்திருப்பாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் அங்கே இருந்த பத்தொன்பது நாளில் ஏழோ எட்டோ தரம்தான் சுட்டிருப்பேன். மிச்சமெல்லாம் தண்ணீர் இறைத்ததுதான். எங்களிடம் பால்மா வந்த ஒரு தகரப் பேணி இருந்தது. தண்ணீரை வெளியே கொட்டினால் சத்தம் கேட்கும், சத்தம் கேட்டால் முகாமில் இருந்து சுடுவார்கள். அதனால் மழை அடித்துப் பெய்யும்போது மட்டும் இறைப்போம். மழை விட்டால் தண்ணீர் பழையபடி ஏறும். பகலில் வெளியே தலைகாட்ட முடியாது என்பதால் மலசலமும் அதே பேணியில்தான். பேணி ஒன்றுதான் இருந்தது. சோற்றுப் பார்சல் வருகிற நாளில் அது நனைந்து புளித்திருக்கும், வராத நாளில் பாண் துண்டைத் தண்ணீரில் ஊறாமல் பிடித்துக்கொண்டு தின்போம். தலையில் பேன், இடுப்பில் சொறி. நெருப்புப்பெட்டி நனைந்துவிட்டதால் பீடி இருந்தும் பற்றவைக்க வழியில்லை. அருள் அதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு நிற்பான்.

இருக்க ஒரே ஒரு பலகைப்பெட்டி. ஒருவன் அதன்மேல் கால்களைத் தூக்கிக் குந்திக்கொண்டு தூங்கவேண்டும், மற்றவன் தண்ணீரில் நின்று காவல் பார்க்கவேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் மாறுவோம். கைக்கடிகாரம் என்னுடையது. ஒன்பதாம் நாள், நான் முள்ளைத் திருப்பி ஏமாற்றுகிறேன் என்று அருள் சொன்னான். நான் அவனை அடித்தேன். அவனும் அடித்தான். முகாமுக்குக் கேட்காமல் சண்டை பிடிக்கவேண்டும் என்பதால் சத்தமே இல்லாமல் அடிபட்டோம். பிறகு ஒரு நாள் முழுவதும் பேசவில்லை. அவன் சொன்னது உண்மை. நான் பத்துப் பத்து நிமிடமாகத் திருடிக்கொண்டுதான் இருந்தேன். உன்னோடு ஒரே அறையில் இருக்கப்போகிறவர்களைப் பற்றி யோசிக்கும்போது இதையும் நினைத்துக்கொள். பயத்தில் மனிதன் என்ன செய்வான் என்று எல்லோரும் சொல்வார்கள். நித்திரை இல்லாமல் போனால் என்ன செய்வான் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

எங்களிடம் சப்பாத்து இல்லை, ரப்பர் செருப்புத்தான். முதலில் பாதத்தின் தோல் வெளுத்துச் சுருங்கியது. பிறகு வீங்கியது. பிறகு உணர்ச்சி இல்லை. செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன். பதினைந்தாம் நாள் அளவில் உணர்ச்சி திரும்பி வந்தது, நெருப்புத் தணலில் நிற்பதுபோல. இடது காலின் இரண்டு விரல்கள் கறுத்து மணக்கத் தொடங்கின. அருள் என்னைப் பெட்டியில் இருத்தி, என் கால்களைத் தன் மடியில் எடுத்துவைத்து, தன் இடுப்பில் கட்டிய சாரத்தில் நனையாத ஒரு மூலையைத் தேடித் துடைப்பான். என் முறைக்கும் தானே தண்ணீரில் நின்றான். அவன் காலும் வீங்கித்தான் இருந்தது. நீ எங்கே இருந்தாலும் கால் நனைந்திருந்தால் உடனே உன் பொறுப்பாளரிடம் சொல். இது சின்ன விஷயம் என்று வெட்கப்பட்டு மறைக்காதே. நான் ஐந்து நாள் மறைத்தேன்.

பத்தொன்பதாம் நாள் சாப்பாடு கொண்டுவந்தவன் என் காலைப் பார்த்துவிட்டு, தன்னோடு பின்னால் வரலாம் என்றான். ஒருவரைத்தான் தாங்கிக்கொண்டு போக முடியும்.

"போ மச்சான்," என்றான் அருள்.

"மருந்து கட்டிக்கொண்டு மூண்டு நாளிலை வாறன்."

"ஓம் ஓம். வரேக்கை எனக்கு ஒரு சோடி சப்பாத்துக் கொண்டு வா. எட்டாம் நம்பர்."

கொண்டு வாறன் என்று சொல்லிவிட்டுப் போனேன். ஆஸ்பத்திரியில் விரல்களை எடுத்தார்கள். மூன்றாம் வாரம் என்னால் நடக்க முடிந்தது. அந்தக் கிழமைதான் என் தாய்மாமன் வந்து கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். என்னை யாரும் கட்டித் தூக்கவில்லை. அவர் கொண்டுவந்த வான் வண்டியில் நானாகத்தான் ஏறினேன். அருள் என்ன ஆனான் என்று யாரிடமும் விசாரிக்கவும் இல்லை. கொழும்பில் இருந்து விமானத்தில் கிழக்கு பெர்லின், அங்கிருந்து ரயிலில் மேற்கே, பிறகு இந்த ஆஹென் நகரம். அகதி விண்ணப்ப விசாரணையில் நான் மாணவன், எந்த இயக்கத்திலும் இருந்ததில்லை, கால் விபத்தில் போனது என்று சொன்னேன். அதை எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு அதுவே என் கதையாகிவிட்டது. அம்மாவைக் கலியாணம் கட்டியபோதும் அதைத்தான் சொன்னேன்.

நீ நான்காம் வகுப்பில் இருந்தபோது உங்கள் வகுப்பைத் தெற்கே இருக்கிற காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். உதவிக்கு இரண்டு பெற்றோர் வேண்டும் என்றதால் நானும் வந்தேன். நீ அதை மறந்திருக்கமாட்டாய், பஸ்ஸில் வாந்தி எடுத்தாய். அங்கே மரங்களுக்கு நடுவில் இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் குழிகள் இருந்தன. இலை நிரம்பி, முழங்காலளவு தூர்ந்துபோய், பார்த்தால் யாரோ மரம் பிடுங்கிய இடம்போல. விளக்கம் சொல்ல வந்த கிழவர் பதினேழு வயதில் சிப்பாயாக அந்தக் காட்டிலேயே இருந்தவர். குண்டு, பீரங்கி என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, தன்னோடு இருந்தவர்களில் அதிகம் பேரைக் கொண்டுபோனது ஈரமும் குளிரும்தான், சப்பாத்தைக் கழற்றும்போது தோலும் சேர்ந்து வந்தது என்றார். பிள்ளைகள் "ஈ" என்று முகத்தைச் சுளித்துச் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. உங்களை மாற்ற ஆட்கள் வந்தார்களா என்று நான் அவரிடம் ஜெர்மனில் கேட்டேன். இல்லை என்றார். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் போய் பஸ்ஸில் இருந்துகொண்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உனக்குச் சொல்லியிருக்கலாம். உனக்குப் பத்து வயது, இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன்.

இனிச் சொல்லப்போவதுதான் உண்மையில் இந்தக் கடிதத்துக்குக் காரணம். உனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு சனிக்கிழமை பத்துமணி இருக்கும், அழைப்புமணி அடித்தது. நீ போய்க் கதவைத் திறந்தாய். மெலிந்த ஒரு மனிதர், கையில் பிளாஸ்டிக் கோப்பு, வலது கால் வளையாமல் விறைத்து நின்றது. "தம்பி, அப்பா நிக்கிறாரோ? ஸ்டுட்கார்ட்டிலை இருந்து வாறன்," என்று அவர் உன்னிடம் கேட்டது அறைக்குள் எனக்குக் கேட்டது. நான் வந்தேன். அது அருள். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு, "மச்சான்," என்றான். நீ எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாய்.

"ஆர் நீங்கள்? எனக்கு உங்களைத் தெரியாது. ஆள் மாறி வந்திட்டியள் போலை," என்றேன்.

அவன் கோப்பினை மற்றக் கைக்கு மாற்றினான். "ஓம் அண்ணை. ஆள் மாறித்தான் போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றான். பிறகு கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினான். மூன்றாம் மாடியில் இருந்து கீழ்க்கதவு சாத்துகிற சத்தம் வரும்வரை நான் அசையாமல் நின்றேன். "பாவம் அப்பா, அந்த மாமாவுக்குத் தண்ணியாவது குடுத்திருக்கலாம்," என்று நீ சொன்னாய். யாரென்றே தெரியாதவர்களை உள்ளே விடக்கூடாது என்று உன்னை ஏசினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போது எனக்கு நன்றாகவே தெரியும். அப்போது எங்கள் குடியுரிமை விண்ணப்பம் அலுவலகத்தில் இருந்தது. என் பெயர், அம்மாவின் பெயர், உன் பெயர், மூன்றும் ஒரே விண்ணப்பத்தில். அகதி விசாரணையில் நான் சொன்னது பொய் என்று தெரிந்த ஒரு மனிதன் கோப்போடு வாசலில் வந்து நிற்கிறான். அவன் என்னவென்று கேட்பதற்கு முன்பே நான் பயந்துவிட்டேன். ஐந்து மாதம் கழித்து நம் மூன்று பேருக்கும் கடவுச்சீட்டு வந்தது. அந்தக் கடவுச்சீட்டால்தான் திங்கட்கிழமை உன்னை இந்த ராணுவத்தில் சேர்த்துக்கொள்ளப்போகிறார்கள்.

நீ அன்றைக்கு மேசையில் கேட்ட கேள்விக்குப் பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று முழுவதும் அவர் என்னோடு கதைக்கவில்லை. அடுத்த நாள் காலை, தேத்தண்ணியை வைத்துவிட்டு, "அந்த ஆள் இப்ப எங்கை இருக்கிறார்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப தேடுங்கோ," என்றார். ஸ்டுட்கார்ட்டில் இருக்கிற தமிழ்க் கடைகளுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசி எடுத்தேன். கால் விறைத்த, மன்னார் அருள் என்று சொன்னதும் மூன்றாவது கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது. போன சனிக்கிழமை வேலைக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனது அங்கேதான்.

கதவைத் திறந்தவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். மச்சான் என்றும் சொல்லவில்லை, அண்ணை என்றும் சொல்லவில்லை. "வா, உள்ளுக்கை வா," என்றான். அவன் மனைவி தேத்தண்ணி தந்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். நான் எழுதிப் பாடமாக்கிக்கொண்டு வந்ததை எல்லாம் சொன்னேன். அவன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"குழியிலை விட்டிட்டுப் போனதைச் சொல்லுறியோ? அதுக்கு எனக்குக் கோவம் இல்லை. உன்ரை காலை நான்தானே துடைச்சனான். நீ திரும்பி வரமாட்டாய் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

"பிறகேன் சப்பாத்துக் கேட்டனி?"

"நீ வெக்கப்படாமல் போகவேணும் எண்டுதான்."

அவன் தொடர்ந்து சொன்னான்: "ஆனால் ஆஹெனிலை உன்ரை வாசல் வேறை. அங்கை மழை இல்லை, ஷெல் இல்லை. நீ சாப்பிட்டு, குளிச்சு, நல்ல உடுப்போடை நிண்டனி. உன்ரை பிள்ளைக்கு முன்னாலை என்னைத் தெரியாது எண்டனி."

அந்தக் கோப்பில் என்ன இருந்தது என்று அன்றைக்குத்தான் கேட்டேன். அவனுடைய அகதி வழக்கில், அவன் சொன்ன கதை சோடித்தது என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கே அவனோடு இருந்த யாராவது ஒருவர் ஒரு கடிதம் தந்தால் நல்லது என்று வழக்கறிஞர் கேட்டிருக்கிறார். அவனுக்குத் தெரிந்து உயிரோடு இருந்தது நான் ஒருவன்தான். கடிதம் இல்லாமலே வழக்குப் போய்த் தோற்றது. அதன்பிறகு நான்கு வருடம், சில மாதங்களுக்கு ஒருதரம் புதுப்பிக்கிற ஒரு தற்காலிக அனுமதித் தாளில் இருந்தான். ஊர் எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை, மனைவியையும் மகளையும் கூப்பிடவும் வழி இல்லை. பிறகு வேறொரு வழியாக விசா கிடைத்தது. அவன் வெளிக்கிட்டபோது மூன்று வயதாக இருந்த மகள், இங்கே வந்து சேர்ந்தபோது ஒன்பது வயது. "அப்பா எண்டு கூப்பிட அவளுக்கு ஒரு வருசம் எடுத்தது," என்றான். இப்போது எழுதித் தருகிறேன், எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றேன். "இப்ப தேவையில்லை," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. தேவையில்லைதான்.

உன்னைப் போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதாக நான் நினைக்கவில்லை. நீ நேர்மையாக முடிவெடுத்திருக்கிறாய், என்னைவிடத் துணிச்சலாகவும் எடுத்திருக்கிறாய். நான் வெட்கத்தில் போனேன், நீ விருப்பத்தில் போகிறாய். ஆனால் நான்கு வருடத்துக்குக் கையெழுத்து வைக்க முன் ஒரு மாதம் பொறு. உன்னை அனுப்பும் இடத்தில் உன்னை யார் வந்து மாற்றுவார்கள், எப்போது மாற்றுவார்கள் என்று கேள். கேட்டால் கோழை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். அங்கே களைப்பிலும் பயத்திலும் நீ ஏதாவது தவறு செய்தால், பக்கத்தில் நின்றவன் அதை விளங்கிக்கொள்வான், ஏனென்றால் அவனும் அதே தண்ணீரில் நின்றவன். வீட்டுக்குத் திரும்பி, வயிறு நிறைந்து, காகிதங்கள் எல்லாம் சரியாகிவிட்ட பிறகு செய்கிற தவறுக்குத்தான் சொல்ல ஒரு காரணமும் இல்லை. எனக்கு அது நடந்தது. நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்தி இதைவிட வேறில்லை.

புறப்படும்போது நீ ராணுவத்துக்குப் போவதை அருளிடம் சொன்னேன். இந்தக் கடிதம் எழுதப்போவதையும் சொன்னேன். அவன், "நீ என்னத்தை எழுதுவாய்? உனக்குத் தெரிஞ்சது பத்தொன்பது நாள். நீ போனாப்பிறகு நான் அதுக்குள்ளை இன்னும் ஆறு கிழமை இருந்தனான். பொடியனை என்னோடை கதைக்கச் சொல்லு," என்றான். அந்த ஆறு கிழமையில் என்ன நடந்தது, அவன் கால் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டேன். "உனக்குச் சொல்ல மாட்டன், அவனுக்குச் சொல்லுவன்," என்றான்.

அவனுடைய தொலைபேசி எண்ணை இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பான். நீ அவனை மாமா என்று கூப்பிடலாம். என்னிடம் வந்து ஏதாவது சொல்வதற்கு முன், திட்டுவதாக இருந்தாலும் சரி, அவனோடு பேசு.

அப்பா